மழை கேட்டேன், வெயில் கொடுத்தாள்

அக்கா தங்கைகளே, நான் சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது ஒரு மத்தியான வேளையில். அடுப்பில் காரக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டு நூல் இறுகுகிறது. எனக்கோ குழம்பு அடிப்பிடித்துவிடுமே என்று கவலை. அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான். அன்னை காமாட்சி என்னைக் காப்பாற்றினாள் என்றால், அது என் சாமர்த்தியத்தைப் பார்த்து இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து அம்மன் செய்த உதவியைச் சொல்லும்போது, நான் பின்வரிசையில் உட்கார்ந்து சுண்டலைக் காலி செய்துகொண்டிருப்பேன். "சம்பூரணம், ஊர்க் கதையெல்லாம் சொல்ற, உன் கதைய மட்டும் முழுங்கிடற" என்று போன வாரம்கூடக் கேட்டீர்கள். வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது கோமாளித்தனம் பண்ணித் தப்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அரிசிக்கு ஊரே அலைந்த காலம். அப்போது நான் பிள்ளையார்பாளையத்தில் இருந்தேன். என் புருஷன் பெயர் கன்னியப்பன். 'அவர்' என்றுதான் எழுதப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. நல்ல நெசவாளி, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் நெய்த முகூர்த்தப் புடவைக்குக் கடைக்காரர்கள் காத்திருப்பார்கள். குடிக்க மாட்டான். சீட்டாட மாட்டான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பான். தெருவில் யாரைப் பார்த்தாலும் கை கூப்புவான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அந்தக் கை வேறு வேலை பார்க்கும்.

இழை அறுந்தால் அடி. தார்க்குச்சியில் நூலைத் தளர்வாகச் சுற்றினால் அடி. சிரித்தால் அடி, யாரை நினைத்துச் சிரிக்கிறாய் என்று. நான் பிறந்த மாகறலில் என் வாய்க்கு ஊரே பயப்படும். கோயில் குருக்கள்கூட என்னைப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகமாக நடப்பார். அந்த வாய் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிப்போனது. ஒருமுறை வயிற்றில் மிதித்தான். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

காயத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம் தறிக்குழியில் விழுந்தேன் என்பேன். வீட்டுக்கு வீடு தறி. தறிக்குத் தறி, காலை விட்டு உட்காரக் குழி. தெருவில் இருந்த அத்தனை குழியும் சாதுவாக இருக்க, எங்கள் வீட்டுக் குழி மட்டும் என்னைக் கண்டாலே இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஒரு தடவை கண் வீங்கியது. ஒரு தடவை சுண்டுவிரல் உடைந்தது. எதிர்வீட்டில் பட்டம்மா என்று ஒரு அம்மா இருந்தார்கள். "பாத்து எறங்கக் கூடாதாம்மா? கொள்ளிக் குழி!" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து குழியைத்தான் திட்டினோம்.

மாகறலுக்குப் போய் அண்ணனிடம் அழுதேன்.

"கொஞ்சம் அனுசரிச்சு போம்மா. தங்கமான பையன். குடிக்கக்கூட மாட்டான்" என்றார்.

குடித்திருந்தாலாவது தெளிந்த பிறகு ஓயும். அவனுக்குத் தெளிய வேண்டிய போதையே இல்லையே. இப்போதுள்ள சின்னப் பெண்கள், போலீசுக்குப் போயிருக்கலாமே அத்தை என்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் யாருக்கும் அப்போது அந்த வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். புரட்டாசி மாசம். தறியில் இருந்தவன் நூல் கேட்டான். குங்குமச் சிவப்புக்குப் பதிலாக அரக்குச் சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான் என் குற்றம். அந்த நூல் சிட்டத்தை அப்படியே என் கழுத்தில் மாட்டி முறுக்கினான். பட்டு இழை தனியாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு சிட்டத்தை முறுக்கினால் மாட்டைக் கட்டலாம். அவன் கத்தவில்லை. திட்டவில்லை. முறுக்கினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. குழம்புக் கவலையும் போய்விட்டது. "அம்மா" என்று உள்ளுக்குள் ஒரு வார்த்தை. காமாட்சி என்று முழுப் பெயர் சொல்லக்கூட நேரமில்லை.

யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள்.

புடவை முடிந்ததா என்று பார்க்க முதலாளி வீட்டு ஆள் வந்திருந்தார். கன்னியப்பன் நூலை விட்டான். வேட்டியைச் சரிசெய்துகொண்டான். கதவைத் திறந்தான்.

"வாங்கண்ணா, வாங்க! இந்த வெயில்ல வந்துக்கினு இருக்கீங்களே. சம்பூரணம், அண்ணனுக்கு மோர் கொண்டாம்மா."

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தேன் தோற்றுப்போகும்.

நான் மோர் கொண்டுவரவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து நடந்தேன். ஓடினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்து நடந்தேன். காலில் செருப்பில்லை. புடவைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். நேராகக் காமாட்சி அம்மன் கோயில்.

நடை சாத்தியிருந்தது. மத்தியானத்தில் சாத்தியிருக்கும் என்பது காஞ்சிபுரத்தில் காக்கைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. சண்டைதான் வந்தது. "ஏம்மா, நான் வர்ற நேரம் பாத்துதான் நீ தூங்கணுமா? தூங்கு. எழுந்ததும் எனக்குத் தல சாய்க்க ஒரு இடம் காட்டு. பெருசா ஒண்ணும் கேக்கல." இடம் கிடைக்கவில்லையென்றால் குளம் இருக்கிறது என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் இதைப் படிக்கிற யாராவது அதே நினைப்பில் இருக்கலாம்.

பக்கத்தில் ஒரு அம்மா சாய நூல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நடை திறப்பதற்காகக் காத்திருந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். பெயர் ரங்கம்மா. என் தலைப்பு கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். என் கழுத்தைப் பார்த்தார்கள். உடனே பார்வையைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

"ஏமி அம்மாயி, தார் சுத்தத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"நம்ம வீட்ல சுத்திக்கினு இருந்த பொண்ணு கல்யாணம் ஆயி பூட்டா. இன்னிக்கே வர்றியா?"

"விரல் ஒண்ணு கோணலுங்க" என்று கையைக் காட்டினேன்.

"மிச்சம் ஒம்போது இருக்குது இல்ல? நம்ம தாருக்கு அது போதும்."

உன் பெயர் என்ன, புருஷன் யார், என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி இல்லை. சாயக்காரர் அன்றைக்கு நேரம் கடத்தியதால்தான் ரங்கம்மா அக்கா அந்த வேளையில் கோயிலுக்கு வந்தார்களாம். இல்லாவிட்டால் மத்தியானத்தில் அந்தப் பக்கமே வருவதில்லையாம். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நடை திறந்ததும் உள்ளே போனோம். அம்மன் முகத்தைப் பார்த்தேன். தூங்கி எழுவதற்கு முன்பே என் வேலையை முடித்துவிட்டாள் என்று தோன்றியது.

ரங்கம்மா அக்கா வீட்டில் அவர்களும் அவர்கள் புருஷன் சேஷய்யாவும் மட்டும்தான். சேஷய்யா அண்ணா பேசுவது அபூர்வம். ஆனால் ஓயாமல் இருமுவார். கூடத்துக்கு வருவதற்கு முன் ஒரு இருமல், அடுப்படிக்கு வருவதற்கு முன் ஒரு இருமல், தறிப்பக்கம் திரும்பினால் ஒரு இருமல். எனக்குக் கவலையாகிவிட்டது. மிளகும் ஆடாதோடையும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்தார். மறுநாளும் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். இருமல் நிற்கவில்லை. கஷாயத்தை இன்னும் கெட்டியாக்கினேன். கடைசியில் ரங்கம்மா அக்கா என் கையைப் பிடித்தார்கள்.

"போதும் அம்மாயி, மனுஷன் வயிறு வெந்துடும். அவருக்கு இருமலே இல்ல."

"அப்புறம் ஏங்க்கா..."

"பின்னாடி ஆளு வந்தா நீ நடுங்கற இல்ல? அதான், நான் வரேன்னு முன்னாடியே சத்தம் குடுக்கறாரு."

அன்றைக்குத்தான் அழுதேன். கழுத்தில் நூல் இறுகியபோது வராத அழுகை, கோயில் வாசலில் வராத அழுகை, எல்லாம் அந்தக் கஷாயப் பாத்திரத்துக்கு முன்னால் வந்தது.

சட்டென்று தேறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவேன். சிவப்பு நூலைத் தொட்டால் கை உதறும். அக்கா பேசாமல் பச்சையை என் பக்கம் தள்ளிவைப்பார்கள். தறியில் ஊடு நூலோடு நாடா ஓடுகிற சத்தம் சற்றுப் பலமாகக் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போடுவேன். ஒரு நாள் தண்ணீர்ச் செம்பு, ஒரு நாள் புளிக்கரைசல். சேஷய்யா அண்ணாவின் ஒரே வெள்ளை வேட்டி புளி நிறமானது. "இந்த சாயம் நல்லா பிடிச்சிருக்குது" என்றார். அந்த மாசத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. ஒரு நாள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி வாசலில் வந்து நின்றார்கள் எதிர்வீட்டுப் பட்டம்மா. விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள்.

"சம்பூரணம், உன் இடம் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. வர்ற வெள்ளிக்கிழம காலையில நாட்டாமைய கூட்டிக்கினு வரான். நீ இங்க இன்னொருத்தன் வீட்ல தப்பா இருக்கறன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கான். நாட்டாமையும் நம்பிட்டாரு."

"இன்னொருத்தன்னா யாரு?" என்றார்கள் ரங்கம்மா அக்கா.

பட்டம்மா சங்கடத்தோடு சேஷய்யா அண்ணாவைப் பார்த்தார்கள். அண்ணாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"என்னையா? என்னையா சொன்னாங்க?"

அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இவர? ஐயோ ராமா! கேட்டா வரதராஜப் பெருமாளே நம்ப மாட்டாரு!" எனக்கும் சிரிப்பு வந்தது. பட்டம்மாவுக்கு வரவில்லை. என்னைத் தனியாக அழைத்துக் காதில் சொன்னார்கள்.

"மொதல்ல வீட்டுக்குள்ள வரட்டும், அப்புறம் பாத்துக்கறேன்னு சொல்லிக்கினு இருக்கான்மா. அவன் சிரிச்சிக்கினே சொல்றான். போவாத. இவ்ளோ நாளு உன்னோட சேந்து குழியத் திட்டினேன். என் வாயால ஒரு தடவையாவது உண்மைய சொல்லிட்டு போறேன். போனா நீ உசுரோட திரும்ப மாட்ட."

அவர்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நாட்டாமை என்றால் எங்கள் தெருவுக்கு நீதிபதி மாதிரி. அவர் வந்து வண்டியில் ஏறு என்றால் ஏறாத பெண் கிடையாது. ஏறினால் சாவு. ஏறாவிட்டால் என்னை வைத்திருக்கிற இந்த இரண்டு நல்ல மனுஷருக்கு ஊர்ப் பழி.

அன்றிலிருந்து நான் மழைக்கு வேண்டினேன்.

இங்கே நான் பண்ணின கூத்தைச் சொல்ல வேண்டும். நெசவுத் தெருவில் ஐப்பசி மாசம் மழைக்கு வேண்டுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களுக்குத் தெரியாததில்லை. தறியில் ஏற்றப்போகிற நீளவாட்டு நூலை, அந்தப் பாவை, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து, அறுந்த இழை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். மழை பெய்தால் எதுவும் முடியாது. தறி காலி, அடுப்பும் காலி. தெருவே வானத்தைப் பார்த்து வெயிலுக்குக் கை கூப்ப, நான் ஒருத்தி அடுப்படி மூலையில் உட்கார்ந்துகொண்டு, "விட்டுடாதம்மா, கொட்டு. முட்டி வரைக்கும் தண்ணி நிக்கட்டும். ஜட்கா வரக்கூடாது, குதிர வழுக்கி விழணும்" என்று வேண்டினேன். பாவம், குதிரை என்ன பண்ணியது!

வியாழக்கிழமை முழுக்கக் கொட்டியது. அக்கா வாசலில் நின்று தெலுங்கில் வானத்தைத் திட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பாவு சுருட்டின சுருட்டில் மூலையில் கிடந்தது. நான் மட்டும் உற்சாகமாக ரசம் வைத்தேன். எல்லாருக்கும் இரண்டாந்தடவை ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. கண் விழித்தால் சத்தமே இல்லை. ஓட்டில் ஒரு சொட்டு இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். வானம் துடைத்துவைத்த வெண்கலத் தாம்பாளம் மாதிரி இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "இதுக்கா உனக்கு விளக்கேத்தினேன்? இத்தன நாளு பெஞ்சியே, இன்னும் ஒரு காலைக்குப் பெய்யக் கூடாதா?" என்று அம்மனைக் கேட்டேன். பிறகு கோபம் போய்விட்டது. பயம் மட்டும் மிஞ்சியது.

பின்னால் ஒரு இருமல். அதன் பின்னால் அக்கா கை தட்டிக்கொண்டு வந்தார்கள். "அம்மாயி! எழுந்துட்டியா? நல்லதா போச்சு. பாவு போடலாம் வா!"

"அக்கா, இன்னிக்கு வேணாங்க்கா. அவங்க வருவாங்க."

"வரட்டும். மழ விட்டது இன்னிக்குத்தான்."

"நான் உள்ளயே இருக்கறேனே."

அக்கா என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார்கள். "உள்ள இருந்தா நீ ஒத்த ஆளு. அவனுக்கு வேண்டியது அதான். தெருவுல வந்து நில்லு."

போனேன். எத்தனையோ நாள் மழைக்குப் பிறகு வந்த முதல் வெளுப்பு. தெரு முழுக்க ஜனம். எங்கள் பாவைத்தான் முதலில் கட்டினார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இடுப்பு உயரத்தில், பாக்கு நிறப் பட்டு. ஆண்கள் கஞ்சி தெளித்தார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழைகளை முடிந்தார்கள். நான் வீட்டு வாசலுக்கு நேராக நின்றேன். என் விரல் நடுங்கிய நடுக்கத்தில் முடிந்ததைவிட அறுத்ததுதான் அதிகம். அக்கா அதையும் சேர்த்து முடிந்துகொண்டே போனார்கள்.

ஜட்கா வந்தது. குதிரை வழுக்கவே இல்லை.

கன்னியப்பனும் நாட்டாமையும் இறங்கினார்கள். கன்னியப்பனுக்கு நெற்றி நிறைய விபூதி, வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. நடந்து வந்து எனக்கு நேர் எதிரே நின்றான். நடுவில் பாவு. அவ்வளவு கிட்டத்தில் அவனைப் பார்த்ததும் "அம்மா, அம்மா, அம்மா" என்று உள்ளே ஓட ஆரம்பித்தது. வேறு வேண்டுதல் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நாட்டாமையும் நெசவாளிதான். பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தெருவில் கட்டின பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். குனிந்தும் போக மாட்டார்கள். அது எங்கள் வழக்கம். "பாவு முடியட்டும்ப்பா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. முதலில் தேன் குரல். "சம்பூரணம், வாம்மா. நம்ம வீட்டுக்குப் போலாம். ஊரு சிரிக்குது பாரு."

நான் தலை குனியவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். கழுத்து விறைத்துப்போய்க் குனிய வரவில்லை. அது அவனுக்குத் திமிராகத் தெரிந்தது. பாவுக்கு மேல் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனேன். பாவு முழுக்க அதிர்ந்தது. "யோவ், பாவுய்யா! கண்ணு தெரியல?" என்று பெண்கள் கத்தினார்கள். சேஷய்யா அண்ணா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். வந்து என் பக்கத்தில் நின்றார். இருமவில்லை.

அப்போதுதான் அவன் அதைச் செய்தான். பாவை ஒரு கைப்பிடி அள்ளினான். முறுக்கினான்.

"வர்றியாடி? இல்ல, உன்ன வச்சிருக்கறவன் பாவ அறுத்து எறியட்டுமா?"

இழைகள் தெறித்த சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். ஆனால் நெசவுத் தெருவில் அதற்கு மேல் பெரிய சத்தம் கிடையாது. அத்தனை கண்ணும் அவன் கையைப் பார்த்தன. காவடி எடுக்கிற கை. எல்லாருக்கும் கும்பிடு போடுகிற கை.

என் தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. என்னுடையதுதான்.

"நாட்டாம ஐயா, அந்தக் கையப் பாருங்க. அப்படித்தான் என் கழுத்துல முறுக்கினாரு. இதே மாதிரி பட்டு நூலுதான்."

நாட்டாமை கையைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். கழுத்தில் அடையாளம் மறைந்துவிட்டிருந்தது. திரும்பவும் கையைப் பார்த்தார்.

"கைய எடுடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"இல்லீங்க நாட்டாம, கோவத்துல..."

"எட்றா! ஒரு நெசவாளி பண்ற வேலையாடா இது?"

அவன் கையை எடுத்தான். எனக்கு உயிர் வந்தது. ஆனால் நாட்டாமை தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய மனுஷர் செருமினால் வழக்கம் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"இதோ பாரும்மா. அவன் பண்ணது தப்பு. நான் கண்டிக்கறேன். இனிமே கை நீட்டாம இருக்கறதுக்கு நான் பொறுப்பு. ஆனா பொண்ணுன்னா புருஷன் வீட்டுலதான் இருக்கணும். அதான் முறை. நம்ம சாமிங்களே அப்படித்தானே இருக்குது? ஏறும்மா வண்டியில."

போச்சு என்று நினைத்தேன். அக்காவின் கை என் முழங்கையை இறுகப் பிடித்தது. அவர் சொன்னதை எதிர்த்து என்ன சொல்வது?

அந்த நேரத்தில், நான் யோசிக்காமலே, மாகறல் வாய் திறந்துகொண்டது.

"எந்த சாமிங்க ஐயா?"

"இன்னாம்மா?"

"நம்ம காஞ்சிபுரத்துல எத்தன சிவன் கோயில் இருக்குது. ஏகாம்பரநாதர் கோயில்ல ஆரம்பிச்சு, ஒரே ஒரு கோயில்ல அம்மனுக்குத் தனி சந்நிதி காட்டுங்க. இப்பவே ஜட்கால ஏறிக்கறேன். நம்ம ஊரு அம்மா புருஷன் வீட்டுல இல்லையே ஐயா? தனியா ஒரு கோயில் கட்டிக்கினு ஜம்முனு இல்ல உக்காந்திருக்கா? அவள யாராவது ஜட்கா வச்சு கூப்பிடப் போனாங்களா?"

 முதலில் சிரித்தது ரங்கம்மா அக்கா. பிறகு பக்கத்தில் நின்ற பெண். பிறகு பாவின் இரண்டு பக்கமும் அந்தக் கோடி வரைக்கும் சிரிப்பு ஓடியது. கன்னியப்பனைப் பார்த்து யாரும் பயப்படவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

நாட்டாமை சிரிக்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வாய வச்சிக்கினு எப்படிம்மா இத்தன நாளு அந்த வீட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் வாய் ஏன் இல்லை என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். "காமாட்சிய நடுவுல இழுத்துட்ட. அவளுக்கு மேல நான் இன்னா தீர்ப்பு சொல்றது? டேய் கன்னியப்பா, ஏறு வண்டியில. அவளா வந்தா வரட்டும். நீயா இந்தத் தெருவுல கால வச்ச, நம்ம தெருவுல உனக்குத் தறி கிடையாது."

வண்டி திரும்பிப் போனது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காராத அம்மாயி," என்றார்கள் அக்கா. "அறுந்தத யாரு முடியறது? வெயில் ஏறுது பாரு."

எழுந்து முடிந்தேன். அவன் அறுத்த இழைகளைப் பட்டம்மா வயசுப் பெண்கள், சின்னப் பெண்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிந்தோம். அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்கியது. நான் கேட்ட மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாவு இல்லை. தெருவில் ஒரு ஈ இல்லை. அவன் எப்படியும் வந்திருப்பான். கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்துக்குள் தேன் குரலில் பேசியிருப்பான். நாட்டாமை தலையாட்டியிருப்பார். நான் ஏறியிருப்பேன். இன்றைக்கு இதை எழுத ஆள் இருந்திருக்காது. என் வேண்டுதலைக் காமாட்சி காதில் வாங்கினாள். என் யோசனையைத்தான் தள்ளிவிட்டாள். குதிரைக்கும் அது நல்லதாகப் போயிற்று.

அதன்பின் பயமே இல்லை என்று சொன்னால் பொய். வெகுநாள் வரை கடைத்தெருவில் வெள்ளை வேட்டியைப் பார்த்தாலே வியர்க்கும். அவன் வேறு ஊர்த் தறிக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று விசாரிக்கவில்லை. அக்கா என்னைத் தறியில் உட்காரவைத்தார்கள். நான் தனியாக நெய்த முதல் புடவையின் கரை பாலாறு மாதிரி வளைந்து வளைந்து போனது. எந்தக் கடைக்காரர் வாங்குவார்? அக்காவே எடுத்துக் கட்டிக்கொண்டு, கருட சேவைக்குப் போய் ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்கள். அடுத்த புடவை நேராக வந்தது. வெட்கம் அப்பேர்ப்பட்ட வாத்தியார்.

இப்போது எனக்கென்று அதே தெருவில் ஒரு வீடு. தறிகள் இருக்கின்றன. முதலில் ஓரிக்கையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல். நான் கேள்வி கேட்கவில்லை. சோறு போட்டேன். நூலைக் கையில் கொடுத்தேன். இன்றைக்கு அவள் நெய்கிற புடவையை நான் தொட்டுப் பார்க்கக்கூட விட மாட்டாள், என் கை அழுக்காம். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் பிள்ளைகளோடு வந்தார்கள். அழுதார்கள், தூங்கினார்கள், சண்டை போட்டார்கள், என் ரசத்தைக் குறை சொன்னார்கள். குறை சொல்ல ஆரம்பித்தால் தேறிவிட்டாள் என்று அர்த்தம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத மனசு வரவில்லை. மாமியார் வந்து அழுததைப் பார்த்து இரங்கி, ஒரு பெண் திரும்பிப் போனாள். இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். போனாள். அவள் திரும்பி வரவில்லை, அவள் செத்த சேதிதான் வந்தது. எப்படி இறந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் போன அன்று நான் திட்டினேனா என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். திட்டவில்லை. கதவு திறந்துதான் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அதுவாவது அவள் காதில் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கில் ஒரு திரி அவளுக்கு. ஏன் என்னைக் காப்பாற்றினாய், அவளை விட்டுவிட்டாய் என்று காமாட்சியிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் இல்லை. ஆனால் கேட்கிற உரிமையை அவள் பிடுங்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவளைக் கும்பிடுகிறேன்.

அக்கா தங்கைகளே, விளக்கு பூஜையில் உங்களோடு உட்கார்ந்திருக்கும்போது சில கைகளைப் பார்க்கிறேன். வளையல் உடைந்த கீறல், தலைப்பால் மூடிய கழுத்து. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் நான் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அம்மாவிடம் வேண்டுங்கள். வழி மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவளுக்கு நம்மைவிடக் கொஞ்சம் விவரம் ஜாஸ்தி. உங்கள் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்திருப்பாள். அந்த ஆள் கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து வாயாடி சம்பூரணம் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் காட்டும். நேரம் காலம் பார்க்க வேண்டாம். பழம், பூ எதுவும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். உயிரோடு வாருங்கள். அது போதும்.